சாதாரண சளியா, சைனஸ் தொற்றா? நாள் கணக்கு வைத்துப் பிரித்தறிய ஒரு முழுமையான வழிகாட்டி

மருந்துக்கடை கவுண்டரில் நின்று பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். சளி பிடித்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ வருகிறார்கள். மூக்கு அடைத்திருக்கிறது, கன்னமும் நெற்றியும் கனக்கிறது, சளி பச்சையாக வருகிறது. "சைனஸ் ஆயிடுச்சுங்க, அந்த மூணு மாத்திரை அட்டை ஒண்ணு குடுங்க" என்று, பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாடிக் மருந்தான அசித்ரோமைசினைக் கேட்கிறார்கள். மாத்திரை போட்டாலும் போடாவிட்டாலும் அவர்களில் பெரும்பாலோர் அடுத்த வாரம் நன்றாகிவிடுவார்கள். இன்னொரு பக்கம், சைனஸில், அதாவது முகத்து எலும்புகளுக்குள் இருக்கும் காற்றறைகளில், நிஜமாகவே சீழ் பிடித்திருக்க, "சளிதானே" என்று வாரக்கணக்கில் ஓட்டிவிட்டுக் கண் வீங்கிய பிறகு வருகிறவர்களும் உண்டு.

இரண்டு தரப்பும் அன்றைய தொந்தரவை மட்டும் பார்த்து முடிவு செய்கிறார்கள். முதல் வாரத்தில் சளியும் சைனஸ் தொற்றும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். நோய் நாளுக்கு நாள் எப்படி நகர்கிறது என்பதில்தான் வித்தியாசம் தெரிகிறது. மருத்துவர்கள் பின்பற்றும் வழிமுறைகளும் நாள் கணக்கைத்தான் முதன்மையாக வைக்கின்றன. அந்தக் கணக்கை வீட்டிலேயே ஒழுங்காக வைத்துக்கொள்வது எப்படி என்று கீழே வரிசையாகச் சொல்கிறேன். வரிசையை மாற்றாதீர்கள். குறிப்பாக முதல் படியைத் தாண்டிப் போகாதீர்கள்.

1. காத்திருக்கக் கூடாதவர்களை முதலில் பிரித்துவிடுங்கள்

கண் இமை வீங்கிச் சிவந்திருந்தால், கண்ணை அசைக்கும்போது வலித்தால், ஒரு பொருள் இரண்டாகத் தெரிந்தால், பார்வை மங்கினால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரவு என்றாலும் போக வேண்டும். மூக்குக்கும் கண்ணுக்கும் இடையே உள்ள சைனஸ் அறையைக் கண்குழியிலிருந்து பிரிப்பது மிக மெல்லிய எலும்புத் தகடு. சீழ் அதைத் தாண்டிவிட்டால் பார்வைக்கே ஆபத்து.

கழுத்தை முன்னால் மடக்க முடியாத விறைப்பு, தாங்க முடியாத தலைவலியோடு வாந்தி, பேச்சில் குழப்பம், வலிப்பு, நெற்றியில் மெத்தென்ற வீக்கம் ஆகியவற்றுக்கும் இதே விதிதான். இவை தொற்று மூளைப் பக்கமோ எலும்புக்குள்ளோ போயிருக்கலாம் என்பதற்கான அறிகுறிகள்.

சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்கள், புற்றுநோய்க்கு கீமோதெரபி எடுப்பவர்கள், நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் இந்த வழிகாட்டியில் வரும் 10 நாள் கணக்கை நம்பி வீட்டில் இருக்கக் கூடாது. 2021-ல் கொரோனா இரண்டாம் அலையின்போது கருப்புப் பூஞ்சை நோய் இந்தியாவில் எத்தனை பேருடைய கண்ணையும் உயிரையும் பறித்தது என்பதை நாம் பார்த்தோம். அது மூக்கிலும் சைனஸிலும்தான் தொடங்குகிறது. முகத்தில் ஒரு பக்கம் மரத்துப் போவது, மூக்கிலிருந்து கருப்பாகவோ ரத்தம் கலந்தோ வருவது, மேல் அண்ணத்தில் கருப்புத் திட்டு, பல் திடீரென ஆடுவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் கையில் இருப்பது சில மணி நேரம்தான், உடனே போங்கள்.

மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டோ அதற்கு மேலோ காய்ச்சல் இருந்தால், காரணம் சளியாகவே தோன்றினாலும் உடனே காட்டுங்கள்.

2. உள்ளே என்ன நடக்கிறது என்று சுருக்கமாகத் தெரிந்துகொள்ளுங்கள்

முகத்து எலும்புகளுக்குள் நான்கு ஜோடிக் காற்றறைகள் உள்ளன. கன்னத்துக்குள் ஒரு ஜோடி, நெற்றிக்குள் ஒன்று, கண்களுக்கு நடுவே ஒன்று, மூக்குக்குப் பின்னால் ஆழத்தில் ஒன்று. இவைதான் சைனஸ்கள். இவற்றின் உள்சுவரில் சுரக்கும் நீர் சிறு துளைகள் வழியாக மூக்குக்குள் வடிந்துகொண்டே இருக்கும்.

சளி என்பது வைரஸ் தொற்று. 200-க்கும் மேற்பட்ட வைரஸ்கள் இதை உண்டாக்கும். அதிகம் வருவது ரைனோவைரஸ். மூக்கின் உள்தோல் வீங்கும்போது இந்தத் துளைகளும் அடைபடும். வடிகுழாய் அடைத்த தொட்டி மாதிரி நீர் உள்ளேயே தேங்கும். ஆகவே சாதாரண சளியிலேயே கன்னம் கனக்கும், குனிந்தால் வலிக்கும். 1994-ல் வெளியான ஓர் ஆய்வில் புதிதாகச் சளி பிடித்த 31 பேருக்கு சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். 27 பேருக்குக் கன்ன சைனஸில் மாற்றம் தெரிந்தது. பெரும்பாலோருக்கு ஆன்டிபயாடிக் இல்லாமலேயே அது சரியாகியும் போனது.

தேங்கிய நீரில் பாக்டீரியா பெருகும்போதுதான் நாம் பயப்படும் சைனஸ் தொற்று உருவாகிறது. பெரியவர்களுக்கு வரும் நூறு சளியில் ஏறக்குறைய ஒன்றோ இரண்டோதான் அந்தக் கட்டத்துக்குப் போகும். குழந்தைகளுக்கு இது கொஞ்சம் அதிகம். இந்த விகிதத்தை மனதில் வைத்துக்கொண்டால் மூன்றாம் நாள் பதற்றம் பாதி குறையும்.

3. கையில் இருக்க வேண்டியவை

ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர், ஒரு சின்ன நோட்டு, பேனா. இவ்வளவுதான். கையால் நெற்றியைத் தொட்டுப் பார்த்து "கொஞ்சம் சுடுது" என்று எழுதுவதால் பயனில்லை, ஏனென்றால் பின்னால் வரும் முடிவுகள் 102 டிகிரி என்ற எண்ணைச் சார்ந்திருக்கின்றன.

பெரியவர்கள் நாக்கின் அடியில் வைத்துப் பாருங்கள். காபி, டீ குடித்திருந்தால் அரை மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும். அக்குளில் வைத்தால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். குழந்தைக்கு அக்குளில்தான் வைக்க முடியும் என்றால் தினமும் அங்கேயே வையுங்கள், "அக்குள்" என்று பக்கத்தில் எழுதுங்கள். இன்று ஓர் இடம், நாளை வேறிடம் என்று மாற்றினால் எண்களை ஒப்பிட முடியாது.

4. இது சளி வகைதானா என்று உறுதி செய்யுங்கள்

பலர் தடுக்கி விழுவது இந்தப் படியில்தான். சளியா சைனஸா என்று யோசித்துக்கொண்டே இருப்பார்கள். கடைசியில் அது இரண்டில் எதுவாகவும் இருக்காது.

அலர்ஜி: அடுக்கடுக்காகத் தும்மல், மூக்கிலும் கண்ணிலும் அண்ணத்திலும் அரிப்பு, தண்ணீர் மாதிரி ஒழுகுதல். காய்ச்சல் இருக்காது. காலையில் எழுந்ததும் அதிகம், பரண் சுத்தம் செய்தால் அதிகம், வெளியூர் போனால் குறைவு என்று இடத்தையும் வேலையையும் பொறுத்து மாறும். வாரக்கணக்கில் இப்படியே இருந்தால் நாள் கணக்கு போடுவதில் அர்த்தம் இல்லை. அதற்கான வைத்தியம் வேறு. ஆனால் அலர்ஜி உள்ளவர்களுக்கு மூக்கு ஏற்கெனவே வீங்கியிருப்பதால் சைனஸ் தொற்றும் எளிதில் வரும். வழக்கமான தும்மலோடு திடீரென்று கெட்டியான சளியும் காய்ச்சலும் சேர்ந்தால் அன்றிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள்.

ஒற்றைத் தலைவலி: "எனக்குப் பத்து வருஷமா சைனஸ் தலைவலி" என்பவர்களில் பெரும்பாலோருக்கு இருப்பது மைக்ரேன். 2004-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், சைனஸ் தலைவலி என்று தாங்களாகவே நினைத்தவர்கள் அல்லது மருத்துவர் அப்படிச் சொல்லியிருந்தவர்கள் என 2,991 பேரைப் பரிசோதித்தார்கள். 88 சதவீதம் பேருக்கு இருந்தது மைக்ரேன் வகைத் தலைவலி. மைக்ரேன் வரும்போது மூக்கடைப்பும் கண்ணில் நீரும் வருவதுண்டு, அதனால்தான் இந்தக் குழப்பம். வெளிச்சம், சத்தம் பிடிக்காமல் இருட்டறையில் படுக்கத் தோன்றுகிறதா? குமட்டுகிறதா? ஓரிரு நாளில் போய்விட்டுத் திரும்பத் திரும்ப வருகிறதா? கெட்டியான சளியே இல்லையா? அப்படியென்றால் மைக்ரேனைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். வருடக்கணக்கில் தவறான மருந்து சாப்பிட்டவர்களைப் பார்த்திருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

டெங்கு: திடீரென அதிகக் காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, உடம்பெல்லாம் அடித்துப் போட்டது போல வலி, ஆனால் மூக்கு ஒழுகவில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழைக்காலத்தில் இப்படி வந்தால் சைனஸ் என்று நினைத்து உட்கார்ந்திருக்க வேண்டாம். ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். அதுவரை காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஐபுப்ரோஃபன், ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் வேண்டாம், டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவை அதிகமாக்கும்.

பல்: மேல் கடைவாய்ப் பற்களின் வேர்கள் கன்ன சைனஸின் தரையை ஒட்டியே இருக்கின்றன. சொத்தைப் பல்லோ வேர் சிகிச்சை செய்த பல்லோ சீழ் பிடித்தால் அது நேராக சைனஸுக்குள் போகும். ஒரே பக்கம் மட்டும் சளி, அதில் துர்நாற்றம், அதே பக்கம் பல் வலி என்றால் பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பல்லைச் சரிசெய்யாமல் சைனஸுக்கு எத்தனை மருந்து சாப்பிட்டாலும் திரும்பத் திரும்ப வரும்.

சின்னக் குழந்தைக்கு ஒரு மூக்குத் துவாரத்திலிருந்து மட்டும் நாற்றத்தோடு ஒழுகினால், உள்ளே பட்டாணியோ புளியங்கொட்டையோ பாசிமணியோ இருக்கிறதா என்று மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்களே குடைந்து எடுக்க முயல வேண்டாம், இன்னும் ஆழமாகப் போய்விடும். பொத்தான் பேட்டரி போட்டிருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் அது அவசர சிகிச்சைக்கான விஷயம். சில மணி நேரத்தில் உள்தோலை அரித்துவிடும்.

5. முதல் நாளைச் சரியாகக் குறியுங்கள்

தொண்டை கரகரப்போ தும்மலோ மூக்கு ஒழுகலோ எது முதலில் வந்ததோ அந்த நாள்தான் 1-ஆம் நாள். மூக்கு அடைத்த நாளையோ, படுத்துவிட்ட நாளையோ முதல் நாளாக எழுதுகிறவர்கள் அதிகம். அப்படி எழுதினால் இரண்டு மூன்று நாள் விட்டுப்போகும், 10-ஆம் நாள் எது என்ற கணக்கே மாறிவிடும்.

பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் விஷயத்தில் இன்னொரு குழப்பம். சின்னப் பிள்ளைகளுக்கு வருடத்துக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது சகஜம். ஒரு சளி முடியும் நேரத்தில் வகுப்பில் இன்னொன்றைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். வீட்டில் பார்க்கிறவர்களுக்கு ஒரு மாதமாக விடாத சளி மாதிரி தெரியும். நடுவில் ஓரிரு நாளாவது மூக்கு நன்றாகத் தெளிந்து, பிறகு மறுபடியும் தும்மலும் நீர் ஒழுகலுமாகத் தொடங்கினால் அது புதுச் சளி. எண்ணிக்கையை 1-லிருந்து ஆரம்பியுங்கள்.

6. தினமும் இரண்டு வேளை ஐந்து விஷயம் எழுதுங்கள்

காலை பத்து மணி வாக்கில் ஒருமுறை, இரவு படுக்கும் முன் ஒருமுறை. காய்ச்சல் எத்தனை டிகிரி, மூக்கடைப்பு எவ்வளவு, சளி எப்படி இருக்கிறது, முகத்தில் எங்கே வலி, என்ன மருந்து எப்போது சாப்பிட்டீர்கள். அடைப்புக்கும் வலிக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண் கொடுங்கள். "பரவாயில்லை" என்ற சொல் ஒவ்வொரு நாளும் ஒவ்வோர் அர்த்தம் தரும், எண் அப்படி மாறாது.

தூங்கி எழுந்ததும் முதலில் சிந்தும் சளியை வைத்து எழுதக் கூடாது. இரவெல்லாம் தேங்கியிருந்ததால் அது எப்போதும் கெட்டியாக, நிறம் கூடித்தான் வரும். அதனால்தான் பத்து மணி என்றேன்.

காய்ச்சலை மாத்திரை போடுவதற்கு முன் பாருங்கள். மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்து "காய்ச்சல் இல்லை" என்று எழுதுவதுதான் இந்த நோட்டுகளில் நான் அதிகம் பார்க்கும் பிழை. சளிக்கென்று விற்கும் கூட்டு மாத்திரைகளில் பெரும்பாலும் பாராசிட்டமால் இருக்கிறது. அதைச் சாப்பிட்டிருந்தாலும் காய்ச்சல் மறைந்திருக்கும்.

ஒழுங்காக எழுதிய நோட்டின் ஒரு பகுதி எப்படி இருக்கும் என்று பாருங்கள்:

நாள் 5 இரவு: 98.8. அடைப்பு 4. சளி வெள்ளை, குறைவு. வலி 2. மாத்திரை இல்லை.
நாள் 6 இரவு: 99. அடைப்பு 3. வலி 1. வேலைக்குப் போனேன்.
நாள் 7 இரவு: 101.2. அடைப்பு 8. மஞ்சள், கெட்டி, இடது பக்கம் அதிகம். இடது கன்னம், மேல் பல் வலி 7. பாராசிட்டமால் 650, இரவு 9 மணி.

இந்த மூன்று வரியைப் பார்த்த மருத்துவருக்கு வேறு கேள்வியே அதிகம் தேவைப்படாது. ஏன் என்று அடுத்த படியில் சொல்கிறேன்.

7. குறிப்பைப் படிக்கும் முறை

முதலில் சாதாரண சளி எப்படி நகரும் என்று தெரிந்திருக்க வேண்டும். முதல் நாள் தொண்டை கரகரக்கும். காய்ச்சல் வந்தால் முதல் ஓரிரு நாளில் வரும், உடம்பு வலியோடு வரும், சீக்கிரம் போய்விடும். அதன் பிறகு மூக்கு ஒழுகும். இரண்டு மூன்று நாளில் தொந்தரவு உச்சத்துக்குப் போகும். சளி தண்ணீராகத் தொடங்கி, கெட்டியாகி, மஞ்சளாகி அல்லது பச்சையாகி, மறுபடி வெளுத்து அடங்கும். ஏழு முதல் பத்து நாளுக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். இருமல் மட்டும் இன்னும் ஒரு வாரம் இழுக்கலாம். ஆறாம் நாளுக்கு மேல் உங்கள் எண்கள் மெதுவாகவாவது இறங்குகின்றனவா என்றுதான் பார்க்க வேண்டும். இறங்கினால் 10-ஆம் நாள் கொஞ்சம் மூக்கடைப்பு மிச்சமிருந்தாலும் கவலை இல்லை.

பாக்டீரியா தொற்று என்று சந்தேகிக்க வைக்கும் நகர்வுகள் மூன்று.

முதலாவது, இறங்காமல் நிற்பது. 10 நாள் முடிந்தும் அடைப்பும் கெட்டிச் சளியும் முகவலியும் கொஞ்சம்கூடக் குறையவில்லை. இங்கே முக்கியமான வார்த்தை "குறையவில்லை". 10 நாள் ஆகிவிட்டது என்பதாலேயே சைனஸ் தொற்று ஆகிவிடாது. 8 என்று இருந்தது 3 ஆகியிருந்தால் அது முடிந்துகொண்டிருக்கும் சளி. குழந்தைகள் முகவலி என்று சொல்ல மாட்டார்கள். அவர்களுக்குப் பகலிலும் விடாத இருமலும் மூக்கு ஒழுகலும் 10 நாளைத் தாண்டி அப்படியே நின்றால் அதுவே அடையாளம்.

இரண்டாவது, தொடக்கத்திலேயே கடுமை. முதல் நாளிலிருந்தே 102 டிகிரி அல்லது அதற்கு மேல் காய்ச்சல், கூடவே சீழ் போன்ற சளி அல்லது முகவலி, மூன்று நான்கு நாள் தொடர்ச்சியாக. சளிக் காய்ச்சல் இவ்வளவு அதிகமாக இத்தனை நாள் நிற்பது அபூர்வம். ஆனால் ஃப்ளூவும் டெங்குவும் இதே அளவு காய்ச்சல் தரும், அதனால் இங்கே 10 நாள் காத்திருக்காமல் மூன்றாம் நாளுக்குள் மருத்துவரைப் பாருங்கள்.

மூன்றாவதை மக்கள் அதிகம் தவறவிடுகிறார்கள். ஐந்தாறு நாளில் நன்றாகத் தேறிவிட்டு, திடீரென மறுபடி மோசமாவது. புதிதாகக் காய்ச்சல், தலைவலி, கெட்டிச் சளி. மேலே காட்டிய நோட்டு இதற்குத்தான் உதாரணம்: 6-ஆம் நாள் வேலைக்குப் போனவர் 7-ஆம் நாள் 101.2-க்குப் போகிறார். வைரஸ் சளி ஒருமுறை இறங்க ஆரம்பித்தால் பொதுவாக இறங்கிக்கொண்டேதான் போகும். திரும்ப ஏறுகிறது என்றால் தேங்கிய இடத்தில் இன்னொன்று வளர்ந்திருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். "வேலைக்குப் போய் அலைந்ததால் திருப்பிக்கிச்சு" என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். புதுச் சளியோடு குழப்பிக்கொள்ளவும் வேண்டாம். புதுச் சளி தொண்டைக் கரகரப்பிலும் தும்மலிலும் தொடங்கும். இது நேராகக் காய்ச்சலிலும் வலியிலும் தொடங்கும்.

8. இவற்றை வைத்து முடிவு செய்யாதீர்கள்

நிறம். பச்சைச் சளி என்றால் பாக்டீரியா என்பது எங்கும் பரவியிருக்கும் நம்பிக்கை. கைக்குட்டையைக் கவுண்டரில் விரித்துக் காட்டுகிறவர்களே உண்டு. வைரஸை எதிர்க்க வந்து குவியும் வெள்ளை அணுக்களுக்குள் பச்சை நிறமுள்ள ஒரு நொதி இருக்கிறது. அதுதான் நிறம் கொடுக்கிறது. சாதாரண சளியிலும் பச்சை வரும், அதுவாகவே போகும்.

நெற்றியைத் தட்டிப் பார்ப்பது, குனிந்து பார்ப்பது. முன்னே சொன்ன மாதிரி சளியிலேயே அறைகள் அடைபடுவதால் இரண்டிலும் வலிக்கும். ஒரே பக்கக் கன்ன வலியும் மேல் பல் வலியும் சந்தேகத்தைக் கொஞ்சம் கூட்டும், அவ்வளவுதான்.

எக்ஸ்ரே, ஸ்கேன். முதல் வாரத்தில் எடுத்தால் சளிக்காரர்களில் பெரும்பாலோருக்கு "சைனஸில் நீர்" என்றுதான் வரும். கண்ணுக்கோ மூளைக்கோ பரவியிருக்கிறதா என்ற சந்தேகம் இருக்கும்போதும், மாதக்கணக்கில் தீராதபோதும்தான் ஸ்கேன் உதவும்.

9. காத்திருக்கும் நாட்களில் என்ன செய்வது

உப்பு நீரால் மூக்கைக் கழுவுவதை முதலில் வைக்கிறேன். தேங்கியதை வெளியே தள்ளும், சளிக்கும் சைனஸுக்கும் இரண்டுக்கும் ஆறுதல் தரும். ஆனால் தண்ணீர் விஷயத்தில் துளியும் அலட்சியம் கூடாது. குழாய்த் தண்ணீரை அப்படியே மூக்குக்குள் விடாதீர்கள். கேரளத்தில் 2024-ல் பிள்ளைகளின் உயிரைப் பறித்த மூளையைத் தாக்கும் அமீபா, தண்ணீர் மூக்கு வழியாகப் போகும்போதுதான் உள்ளே நுழைகிறது. குடித்தால் ஒன்றும் செய்யாத நீர் மூக்கில் ஏறினால் ஆபத்தாகலாம். ஆர்.ஓ. தண்ணீர் என்றாலும் கொதிக்க வையுங்கள். தளதளவென்று கொதித்த பிறகு முழுசாக ஒரு நிமிடம். ஊட்டி, கொடைக்கானல் போன்ற உயரமான ஊர்களில் மூன்று நிமிடம், ஏனென்றால் அங்கே தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும்.

ஆறி வெதுவெதுப்பானதும் கால் லிட்டருக்குத் தலை தட்டிய அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாக உப்பும், ஒரு சிட்டிகை சமையல் சோடாவும் போடுங்கள். உப்பு குறைந்தாலும் அதிகமானாலும் எரியும். அயோடின் சேர்த்த தூள் உப்பு சிலருக்கு எரிச்சல் தரும், கல்லுப்பில் மண் இருக்கும். அதனால் மருந்துக்கடையில் கிடைக்கும் அளவிட்ட பாக்கெட்டும் பாட்டிலும் வாங்குவதே நல்லது. வாஷ்பேசின் மேல் குனிந்து, தலையைப் பக்கவாட்டில் சாய்த்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, மேல் துவாரத்தில் மெதுவாக விடுங்கள். மறு துவாரம் வழியே வரும். காது வலித்தால் நிறுத்துங்கள், அழுத்தம் அதிகம் என்று அர்த்தம். முடிந்ததும் இரண்டு துவாரத்தையும் மூடிக்கொண்டு பலமாகச் சிந்த வேண்டாம். பாட்டிலையும் கொதித்து ஆறிய நீரில் கழுவிக் காய வையுங்கள். ஒத்துழைக்காத குழந்தைக்கு இது வேண்டாம், உப்பு நீர்ச் சொட்டு மருந்து போதும்.

வலிக்கும் காய்ச்சலுக்கும் பாராசிட்டமால். ஒரே நேரத்தில் கூட்டு மாத்திரையும் தனிப் பாராசிட்டமாலும் சாப்பிடாதீர்கள், அளவு இரட்டிப்பாகி ஈரலைப் பாதிக்கும். கூட்டு மாத்திரைகளில் மூக்கடைப்புக்காகச் சேர்க்கும் ஃபினைலெஃப்ரின் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஆகாது. ஃபினைலெஃப்ரினும், குளோர்பெனிரமின் என்ற அலர்ஜி மருந்தும் சேர்ந்த மருந்தை நான்கு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சொல்லியிருக்கிறது. வீட்டில் மிச்சமிருக்கும் பாட்டிலின் லேபிளை எடுத்துப் பாருங்கள்.

மூக்கடைப்பு நீக்கும் ஸ்ப்ரே, அதாவது சைலோமெட்டாசோலின், ஆக்சிமெட்டாசோலின் வகை, ஐந்து நிமிடத்தில் மூக்கைத் திறந்துவிடும். மூன்று நாள் போதும், ஐந்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மருந்தின் வேகம் குறையும்போதெல்லாம் மூக்கு முன்னைவிட அதிகமாக வீங்கும். அதற்கு மறுபடி அதே ஸ்ப்ரே. மாதக்கணக்கில் இதை விட முடியாமல் வாங்கிக்கொண்டே இருப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். நோட்டில் ஸ்ப்ரே தொடங்கிய தேதியை எழுதி, நிறுத்த வேண்டிய தேதியையும் அப்போதே எழுதிவிடுங்கள்.

ஆவி பிடிப்பது இதமாக இருக்கும், சளியை வேகமாகக் குணப்படுத்தாது. நொச்சி இலை போட்டாலும் தைலம் போட்டாலும் அப்படித்தான். பெரியவர்களுக்குப் பிடித்திருந்தால் பிடிக்கலாம். குழந்தைகளுக்குக் கொதிநீர்ச் சட்டியை வைத்துப் போர்வை போர்த்தாதீர்கள். சட்டி கவிழ்ந்து தொடை, வயிறு வெந்துபோவது நடக்கிற விஷயம். சளி பத்து நாளில் போய்விடும், அந்தத் தழும்பு போகாது.

10. ஆன்டிபயாடிக்கை இந்த இடத்துக்கு முன் எடுக்காதீர்கள்

ஏழாம் படியில் சொன்ன மூன்று நகர்வுகளில் ஒன்று தெரிந்து, மருத்துவர் பார்த்து எழுதித் தந்தால் மட்டும். வைரஸ் மீது ஆன்டிபயாடிக் எதுவும் செய்யாது. நான்காம் நாள் மாத்திரை போட்டு ஏழாம் நாள் சரியானால் மாத்திரைதான் காப்பாற்றியது என்று தோன்றும். சளி இறங்கும் நாளும் அதுதான். இந்தப் பொருத்தத்தால்தான் அந்த நம்பிக்கை இவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது.

கடையில் கேட்டு வாங்கும் அசித்ரோமைசின் சைனஸ் தொற்றுக்கு முதல் தேர்வும் இல்லை. அதற்குக் காரணமான பாக்டீரியாக்கள் பல அதை எதிர்க்கப் பழகிவிட்டன. மருத்துவர்கள் பொதுவாக அமாக்ஸிசிலின் அல்லது அதோடு கிளாவுலனிக் அமிலம் சேர்ந்ததை எழுதுவார்கள். இவை பென்சிலின் வகை, அதனால் பென்சிலின் அலர்ஜி இருந்தால் வேறு மருந்து. லேசான தொற்றாக இருந்தால் "இன்னும் சில நாள் பார்ப்போம்" என்று மருத்துவரே சொல்லலாம். பாக்டீரியா சைனஸ் தொற்றிலும் பலருக்கு அதுவாகவே சரியாகிறது, ஆகவே அந்த ஆலோசனையை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

11. மருத்துவரிடம் எப்படிச் சொல்வது

அரசு மருத்துவமனை ஓ.பி.யில் உங்களுக்குக் கிடைப்பது ஓரிரு நிமிடம். "சைனஸ் டாக்டர்" என்று தொடங்கினால் அந்த நிமிடம் அதிலேயே போய்விடும். முடிவை அவரிடம் விட்டுவிட்டு நகர்வைச் சொல்லுங்கள். நோட்டின் மேல் இப்படி ஒரு பத்தி எழுதிக்கொண்டு போங்கள்:

"இன்று 12-ஆம் நாள். 4-ஆம் நாளிலிருந்து அடைப்பும் வலியும் குறையவே இல்லை. மாலையில் 100.6 வரை காய்ச்சல். இடது கன்னமும் மேல் கடைவாய்ப் பல்லும் வலிக்கிறது. பாராசிட்டமால் தினம் இரண்டு. ஸ்ப்ரே மூன்று நாள் போட்டு நிறுத்திவிட்டேன். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். பென்சிலின் அலர்ஜி இல்லை."

கர்ப்பமாக இருந்தாலோ பால் கொடுத்துக்கொண்டிருந்தாலோ அதை முதல் வரியாக்குங்கள். ஏற்கெனவே கடையில் வாங்கி ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தால் மறைக்காதீர்கள். மருத்துவர் திட்டக்கூடும், ஆனால் அது தெரியாவிட்டால் மருந்தைத் தேர்வு செய்வதே தவறாகப் போகும்.

12. சிகிச்சை தொடங்கிய பிறகும் நோட்டை மூடாதீர்கள்

ஆன்டிபயாடிக் தொடங்கி இரண்டு மூன்று நாளில் காய்ச்சலும் வலியும் குறையத் தொடங்க வேண்டும். மூன்று நாள் ஆகியும் எண்கள் அப்படியே நின்றாலோ ஏறினாலோ திரும்பப் போங்கள். மருந்தை மாற்ற வேண்டியிருக்கலாம், அல்லது நான்காம் படியில் சொன்ன வேறு ஏதாவது காரணமாக இருக்கலாம். முதல் படியில் சொன்ன அறிகுறிகள் சிகிச்சை நடக்கும்போதும் வரலாம், அப்போதும் அதே அவசரம்தான்.

தொந்தரவு 12 வாரத்தைத் தாண்டினால் அது நாள்பட்ட சைனஸ் அழற்சி. வருடத்தில் நான்கு முறை அல்லது அதற்கு மேல் முழுசாகச் சரியாகிச் சரியாகித் திரும்ப வந்தாலும் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். மூக்குத் தண்டு வளைவோ சதை வளர்ச்சியோ இருக்கிறதா என்று கேமரா விட்டுப் பார்ப்பார். பழைய நோட்டுகளையும் எடுத்துப் போங்கள். எந்த மாதங்களில் வந்தது, ஒவ்வொரு முறையும் எந்தப் பக்கம் வலித்தது என்பது அவருக்கு அந்த நோட்டில்தான் கிடைக்கும்.